வாட்ச்ல 172, செஸ்ட் ஸ்ட்ராப்ல 141: எது சரின்னு நீங்களே சோதிச்சுப் பாக்குற முழு வழிகாட்டி

"அண்ணா, மெதுவாத்தான் ஓடுனேன், பேசிக்கிட்டே ஓடுனேன், வாட்ச்ல ஹார்ட் ரேட் 172னு காட்டுது, ஹார்ட்ல எதுவும் பிரச்சனையா?" பெசன்ட் நகர்ல காலைல புதுசா ஓட வர்றவங்க கிட்ட இருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். அடுத்த வாரம் அவங்க நெஞ்சுல கட்டி துடிப்ப அளக்குற ஒரு செஸ்ட் ஸ்ட்ராப் வாங்கிடுவாங்க, அதுல 141னு வரும், இப்ப குழப்பம் ரெண்டு மடங்காயிடும். ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசையை மாத்திப் பண்றவங்கதான் மாசக்கணக்கா சுத்துறாங்க. அதனால கீழ இருக்குறத தாண்டித் தாண்டிப் பண்ணாதீங்க, ஒண்ணு முடிச்சுட்டு அடுத்ததுக்கு வாங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். நெஞ்சு வலி, தலைசுத்தல், சும்மா உக்காந்திருக்கும்போதே படபடப்பு இதெல்லாம் இருந்தா இந்த சோதனை எதுவும் வேண்டாம், நேரா டாக்டர் கிட்ட போங்க. இது உடம்பு நல்லா இருக்கு, நம்பர் மட்டும் இடிக்குதுன்னு இருக்குறவங்களுக்கு.

1. என்னென்ன வேணும்

வாட்ச், செஸ்ட் ஸ்ட்ராப், ஸ்ட்ராப்பை தனியா ரெக்கார்ட் பண்ண ஒரு ஃபோன், அதுல ஸ்ட்ராப் கம்பெனியோட ஆப். ஸ்ட்ராப்புக்கு ஒரு புது பேட்டரி. மூணு நாள் காலை நேரம், ஏன்னா மூணு சோதனையையும் ஒரே நாள்ல பண்ணா கடைசிச் சோதனை வரும்போது நீங்க களைச்சிருப்பீங்க.

பேட்டரி வாங்கும்போது கவனம். நிறைய ஸ்ட்ராப்ல சிஆர்2032 போடுவாங்க, போலார் எச்10 மாதிரி சிலதுல சிஆர்2025. ரெண்டும் 20 மில்லிமீட்டர் அகலம்தான், ஆனா ஒண்ணு 3.2 மில்லிமீட்டர் தடிமன், இன்னொண்ணு 2.5. மெலிசானத தடிமனான இடத்துல போட்டா மூடி மூடிக்கும், ஓடும்போது குலுங்கிக் குலுங்கி கான்டாக்ட் விட்டு விட்டு வரும், நீங்க ஸ்ட்ராப் போச்சுன்னு நினைச்சுடுவீங்க.

2. ரெண்டும் அளக்குறது வேற வேற விஷயம்

இத நீளமா சொல்லல, ஆனா தெரியாம விட்டா கீழ இருக்குற எதுக்கும் காரணம் புரியாது.

செஸ்ட் ஸ்ட்ராப் ஈசிஜி மாதிரி, இதயம் ஒவ்வொரு தடவ துடிக்கும்போதும் வர்ற மின் சிக்னலை தோல் வழியா பிடிக்குது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பாத்து கணக்கு போடுது. வாட்ச் அடில பச்சை லைட் எரியுது இல்லையா, அந்த வெளிச்சத்த ரத்தம் உறிஞ்சும், துடிப்பு வரும்போது மணிக்கட்டுல ரத்தம் கூடும், திரும்பி வர்ற வெளிச்சம் கொஞ்சம் குறையும், அந்த ஏத்த இறக்கத்த எண்ணித்தான் வாட்ச் நம்பர் சொல்லுது. பிரச்சனை என்னன்னா கைய வீசும்போதும் மணிக்கட்டுல ரத்தம் அசையும், வாட்ச்சும் அசையும், அப்பவும் வெளிச்சம் ஏறி இறங்கும். எது இதயம் எது கைவீச்சுன்னு வாட்ச் ஊகிச்சு பிரிக்கணும், அதுக்காக சில வினாடி டேட்டாவ சேத்து சராசரி எடுக்குது. தப்பும் தாமதமும் இங்கதான் ஆரம்பிக்குது.

ஸ்ட்ராப்புக்கு இந்த தொல்லை ரொம்ப குறைவு, ஆனா அதுக்குன்னு வேற தொல்லை இருக்கு. ஸ்ட்ராப் சொன்னா வேதவாக்குன்னு ஆரம்பிக்காதீங்க.

3. முதல் வேலை: ரெண்டு பதிவும் தனித்தனியா வரணும்

பாதிப்பேர் தடுக்கி விழுற இடம் இது. எங்க கூட ஓடுற ஒரு தம்பி ரெண்டு வாரம் "ரெண்டும் அப்படியே ஒத்துப்போகுதுண்ணா, என் வாட்ச் சூப்பர்"னு சொல்லிட்டு இருந்தாரு. பாத்தா ஸ்ட்ராப் வாட்ச்சோட கனெக்ட் ஆகியிருக்கு. ஸ்ட்ராப் கனெக்ட் ஆயிடுச்சுன்னா வாட்ச் மணிக்கட்டு அளவ விட்டுட்டு ஸ்ட்ராப் அனுப்புறதத்தான் பதிவு பண்ணும். அவர் ஸ்ட்ராப்பை ஸ்ட்ராப்போடவே ஒப்பிட்டுட்டு இருந்திருக்காரு.

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். ஸ்ட்ராப் கட்டியிருக்கோம்னு நினைச்சு ஓடுவாங்க, ஆனா அது வாட்ச்ல கனெக்ட்டே ஆகியிருக்காது, வந்தது முழுக்க மணிக்கட்டு நம்பர். இன்னும் சில வாட்ச்ல ஓட்டத்துக்கு நடுவுல ஸ்ட்ராப் சிக்னல் விட்டுப்போனா சத்தமில்லாம மணிக்கட்டுக்கு மாறிடும், கிராஃப்ல அது தனியா தெரியாது.

அதனால வாட்ச்ல சென்சார் லிஸ்ட்டுக்கு போய் ஸ்ட்ராப்பை எடுத்துடுங்க, இல்லன்னா ஆஃப் பண்ணுங்க. ஆப்பிள் வாட்ச்னா செட்டிங்ஸ்ல ப்ளூடூத்துக்குள்ள போய் எடுக்கணும். ஸ்ட்ராப்பை ஃபோன் ஆப்ல மட்டும் கனெக்ட் பண்ணி அங்க ரெக்கார்ட் போடுங்க. சரியா பிரிஞ்சிருக்கான்னு பாக்க சின்ன வழி: வாட்ச்ச கழட்டி கைல வச்சுக்கோங்க, வாட்ச்ல நம்பர் போயிடணும், ஃபோன்ல நம்பர் தொடர்ந்து வரணும். வாட்ச் கழட்டின பிறகும் அதுல நம்பர் ஓடிட்டே இருந்தா இன்னும் ஸ்ட்ராப்ல இருந்துதான் எடுக்குது.

ஃபோன்ல ஸ்ட்ராப்பே தெரியலன்னா பெரும்பாலும் வேற ஏதோ ஒண்ணு அத பிடிச்சு வச்சிருக்கு. பழைய ஸ்ட்ராப்கள் ஒரு நேரத்துல ஒரே ஒரு ப்ளூடூத் கனெக்ஷன்தான் தரும், ஜிம்ல இருக்குற ட்ரெட்மில் பிடிச்சுக்கிட்டா கூட உங்க ஃபோனுக்கு கிடைக்காது. ஏன்ட் பிளஸ்னு இன்னொரு வயர்லெஸ் முறை இருக்கு, அது அப்படி இல்ல, ரேடியோ மாதிரி ஒலிபரப்பும், எத்தன பேர் வேணா கேக்கலாம்.

அதே செட்டிங்ஸ்லயே இன்னொண்ணு பாத்துடுங்க. சில வாட்ச்ல "ஸ்மார்ட் ரெக்கார்டிங்"னு இருக்கும், இடம் மிச்சம் பண்ண சில வினாடிக்கு ஒரு தடவதான் பதிவு பண்ணும். அத வினாடிக்கு ஒண்ணுன்னு மாத்துங்க, இல்லன்னா கடைசில ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வைக்கும்போது பொருந்தாது.

4. ஸ்ட்ராப்பை முதல்ல சரி பண்ணுங்க, வாட்ச் அப்புறம்

எல்லாரும் வாட்ச்ல இருந்து ஆரம்பிப்பாங்க. தப்பு. ஸ்ட்ராப்தான் இங்க அளவுகோல், அளவுகோலே வளைஞ்சிருந்தா அத வச்சு எத அளந்தாலும் வீண்.

பட்டைக்கு உள்பக்கம் ரப்பர் மாதிரி ரெண்டு பகுதி இருக்கும், அதுதான் எலெக்ட்ரோட். அத தண்ணில நல்லா நனைக்கணும், காஞ்ச தோல்ல மின் சிக்னல் சரியா ஏறாது. "சென்னைல தானா வேர்க்குமே"ன்னு விடுறவங்க நிறைய, ஆனா வேர்வை வர்றதுக்கு முன்னாடி இருக்குற முதல் 10 நிமிஷம்தான் பேய் நம்பர் வர்ற நேரம். பாலியெஸ்டர் டீ-ஷர்ட் நெஞ்சுல உரசி உரசி நிலைமின்சாரம் வரும், ஸ்ட்ராப் அதையும் துடிப்புன்னு எண்ணி 200, 210னு காட்டும். கடற்கரைல ஈரக்காத்து இருக்கறதால இது கம்மி. ஏசி ஜிம்ல ட்ரெட்மில் ஓடுறவங்களுக்கும் மலைப்பக்கம் ஓடுறவங்களுக்கும் அதிகமா வரும். நனைச்சுக் கட்டினாலும் வருதுன்னா உடம்ப ஒட்டி இருக்குற பனியனோ இறுக்கமான ஜெர்ஸியோ போட்டுப் பாருங்க, துணி படபடன்னு அடிக்காம இருந்தா பாதி சரியாயிடும். ஈசிஜி ஜெல் கொஞ்சம் தடவுனா இன்னும் நல்லது.

இடம்: நெஞ்சுத் தசைக்கு கீழ, நடு எலும்பு மேல மாட்யூல் (பட்டைல மாட்டுற, பேட்டரி இருக்குற சின்ன பெட்டி) நேரா உக்காரணும், எழுத்து தலைகீழா இருக்கக் கூடாது. இறுக்கம், மூச்ச நல்லா இழுத்து விட்டாலும் நழுவாத அளவு, ஆனா மூச்ச அடைக்காத அளவு. பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் ப்ரா பட்டை ஸ்ட்ராப் மேல ஏறி அத கீழ தள்ளிடும், அதனால ப்ரா பட்டைக்கு சரியா கீழ கட்டுங்க, அஞ்சு நிமிஷம் ஓடிட்டு நகர்ந்திருக்கான்னு கை வச்சுப் பாருங்க.

ஓடி முடிச்சதும் மாட்யூலை பட்டைல இருந்து கழட்டணும். ஈரத்தோட மாட்டியே வச்சா அது இன்னும் யாரோ கட்டியிருக்காங்கன்னு நினைச்சு முழிச்சே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். பட்டைய ஒவ்வொரு தடவையும் சாதா தண்ணில அலசுங்க, வாரம் ஒரு தடவ கொஞ்சம் சோப்பு போதும். ப்ளீச், ஃபேப்ரிக் சாஃப்ட்னர், அயர்ன் எதுவும் கூடாது. வேர்வை உப்பு காஞ்சு படிஞ்சா எலெக்ட்ரோட் கெட்டுப்போகும். புது பேட்டரி போட்டும், நனைச்சும், இறுக்கிக் கட்டியும் நம்பர் விட்டு விட்டு வந்தா பட்டை தேஞ்சிருக்கும், பட்டைய மட்டும் தனியா மாத்திக்கலாம், மாட்யூலை தூக்கிப் போட வேண்டியதில்ல. பேட்டரி மாத்தும்போது பழசை எடுத்துட்டு அரை நிமிஷம் சும்மா விட்டுட்டு புதுசு போடுங்க.

5. ஸ்ட்ராப்பை விரலை வச்சு சோதிங்க

அளவுகோல சோதிக்க ஒரு மூணாவது சாட்சி வேணும், அதுக்கு காசு ஆகாது. நாற்காலில 5 நிமிஷம் அமைதியா உக்காருங்க. ரெண்டு விரலை மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா வச்சு நாடிய பிடிங்க. 60 வினாடி முழுசா எண்ணுங்க.

இங்க ஒரு நுணுக்கம். டைமர் தொடங்குற அந்த துடிப்ப "பூஜ்யம்"னு எண்ணணும், "ஒண்ணு"ன்னு எண்ணுனா ஒரு துடிப்பு கூடிடும். 60 வினாடி எண்ணும்போது அது பரவால்ல, ஆனா அவசரத்துல 15 வினாடி எண்ணி நாலால பெருக்குறவங்களுக்கு அந்த ஒண்ணு நாலாயிடும், அப்புறம் ஸ்ட்ராப் நாலு கம்மியா காட்டுதுன்னு பழி போடுவாங்க.

விரலும் ஸ்ட்ராப்பும் ரெண்டு மூணுக்குள்ள இருந்தா ஸ்ட்ராப் சரி. இல்லன்னா நாலாவது பகுதிக்கு திரும்பிப் போங்க, இத தாண்டி போகாதீங்க. ஓடி நின்னதும் இந்த விரல் சோதனைய பண்ணாதீங்க, நின்ன உடனே துடிப்பு கடகடன்னு இறங்கும், எண்ணி முடிக்குறதுக்குள்ள நம்பரே வேற.

6. இப்ப வாட்ச்ச சரியா கட்டுங்க

மணிக்கட்டுல துருத்திக்கிட்டு இருக்கே அந்த எலும்பு, அதுக்கு மேல முழங்கை பக்கமா ஒண்ணு ரெண்டு விரல் தள்ளி கட்டணும். எலும்பு மேலயே கட்டுனா சென்சாருக்கும் தோலுக்கும் நடுவுல இடைவெளி விழும், வெளி வெளிச்சம் உள்ள போகும். ஆபீஸ் போகும்போது கட்டுற மாதிரி தொளதொளன்னு இருந்தா கைவீச்சுக்கு வாட்ச் ஆடும், ரெண்டாவது பகுதில சொன்ன அந்த தப்பு அப்படியே வரும். அதுக்காக தோல் சிவக்குற அளவு இறுக்குனாலும் கெட்டது, அங்க ரத்த ஓட்டமே குறைஞ்சு சிக்னல் மங்கிடும். வாட்ச்ச ரெண்டு விரலால நகட்டிப் பாத்தா தோலும் கூடவே நகரணும், வாட்ச் மட்டும் வழுக்கக் கூடாது. சிலிக்கான் பட்டைல ஒரு ஓட்டை இறுக்கம், அடுத்த ஓட்டை தொளதொளன்னு இருந்தா வெல்க்ரோ வச்ச நைலான் பட்டை மாத்துங்க, நான் பாத்த வரைக்கும் நிறைய பேருக்கு இந்த ஒரு மாத்தமே பெரிய வித்தியாசம் கொடுத்துச்சு.

சென்சார் கண்ணாடில சன்ஸ்கிரீன், வேர்வைப் பிசுக்கு இருந்தா துடைச்சுடுங்க. மணிக்கட்டுல பச்சை குத்தியிருந்தா அந்த மை வெளிச்சத்த தடுக்கும், கைய மாத்திக் கட்டுங்க. ஊட்டி, கொடைக்கானல்ல டிசம்பர் காலைல ஓடுறவங்களுக்கு கை சில்லுன்னு இருக்கும்போது தோல்ல ரத்த ஓட்டம் சுருங்கிடும், அப்ப வாட்ச் தடுமாறத்தான் செய்யும், வீட்டுக்குள்ளயே 10 நிமிஷம் உடம்ப சூடு பண்ணிட்டு இறங்குங்க. எந்த ஊரா இருந்தாலும் கட்டுன உடனே ஸ்டார்ட் அமுக்காம, ஹார்ட் ரேட் நம்பர் வந்து நிலையா நிக்குற வரைக்கும் பொறுத்திருந்து அமுக்குங்க.

7. முதல் சோதனை: சும்மா உக்காருங்க

ரெண்டுலயும் ஒரே நேரத்துல ரெக்கார்ட் போட்டு 5 நிமிஷம் அசையாம உக்காருங்க. கை அசையல, நடுக்கம் இல்ல, அதனால வாட்ச்சுக்கு இதுதான் சுலபமான பரீட்சை, ரெண்டுக்கும் மூணு நாலுக்கு மேல வித்தியாசம் வரக் கூடாது. இதுலயே 10, 15 இடிச்சா ஓட்டத்துல சோதிச்சு பிரயோஜனமே இல்ல, கட்டுன விதத்துல ஏதோ தப்பு.

8. ரெண்டாவது சோதனை: ஒரே வேகத்துல 30 நிமிஷம்

சமதரை, ஒரே வேகம், பேசிக்கிட்டே ஓட முடியற அளவு. சிக்னல், மேம்பாலம் இல்லாத ரோடா பாருங்க, நின்னு நின்னு போனா எதுவும் தெரியாது.

இங்கதான் அந்த 172 மாட்டும். புதுசா ஓடுறவங்க மெதுவா ஓடும்போது கூட நிமிஷத்துக்கு 150ல இருந்து 175 அடி வைப்பாங்க. ஒவ்வொரு அடிக்கும் கை ஆடும், அந்த ஆட்டம் நல்ல சீரான தாளம், இதயத்தோட சின்ன சிக்னல விட அது பலமா இருந்தா வாட்ச் அத பிடிச்சுக்கும். நிமிஷத்துக்கு எத்தன அடி வைக்குறோம்ங்குறதுதான் கேடன்ஸ், அதனால இதுக்கு கேடன்ஸ் லாக்னு பேரு. அந்த நம்பர் உங்க இதயத்துடையது இல்ல, உங்க காலோடது. மோசமான விஷயம் என்னன்னா 172ங்குறது ஓடுறவனுக்கு வரக்கூடிய நம்பர் மாதிரியே இருக்கு, 250னு காட்டுனா யாரும் நம்ப மாட்டாங்க, 172அ எல்லாரும் நம்புவாங்க, பயந்துடுவாங்க.

கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். வாட்ச் ஆப்ல ஹார்ட் ரேட் கிராஃபையும் கேடன்ஸ் கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. ரெண்டும் ஒரே கோடா ஒட்டிப் போச்சுன்னா அதேதான். ஓடிட்டு இருக்கும்போதே பாக்கணும்னா வேகத்த கூட்டாம அடிய மட்டும் சின்னதாக்கி படபடன்னு அரை நிமிஷம் வைங்க, வாட்ச் நம்பர் அடியோட சேந்து தாவிச்சுன்னா அது கால எண்ணிட்டு இருக்கு.

லாக் ஆயிடுச்சுன்னா ஓடிக்கிட்டே வாட்ச்ச தட்டுறதுல பிரயோஜனம் கம்மி. அரை நிமிஷம் நடங்க, கைய அசைக்காம வைங்க, வாட்ச்ச இன்னும் கொஞ்சம் மேல தள்ளி ஒரு ஓட்டை இறுக்குங்க, நம்பர் இறங்கி நிலையானதும் மறுபடி ஓடுங்க. அடிக்கடி வந்தா அது அந்த கை, அந்த வாட்ச், உங்க ஓட்டம் மூணும் சேந்து வர்ற பொருத்தம், அடுத்த கைல கட்டிப் பாருங்க.

வெயில் ஏற ஏற துடிப்பும் மெல்ல ஏறுறத மட்டும் கருவி தப்புன்னு நினைச்சுடாதீங்க. சென்னை மே மாசத்துல அதே வேகத்துல ஓடுனாலும் முதல் 10 நிமிஷம் 140 இருந்தது கடைசில 155 ஆகலாம், உடம்பு சூட்ட வெளியேத்த ரத்தத்த தோலுக்கு அனுப்புது, வேர்வைல தண்ணி போகுது, இதயம் அதுக்காக வேகமா அடிக்குது. ரெண்டு கருவியும் சேந்தே ஏறுச்சுன்னா அது நிஜம்.

9. மூணாவது சோதனை: வேகம், ஓய்வு, வேகம், ஓய்வு

10 நிமிஷம் வார்ம் அப். அப்புறம் 1 நிமிஷம் வேகமா, 2 நிமிஷம் மெதுவா, இப்படி 6 தடவ.

ஸ்ட்ராப் கிராஃப்ல ஆறு மலை தெளிவா தெரியும். வாட்ச்ல அதே மலைகள் கொஞ்சம் தள்ளி, உச்சி வெட்டுனாப்ல, பள்ளம் நிரம்புனாப்ல இருக்கும். காரணம் அந்த சராசரி எடுக்குற வேலைதான், துடிப்பு வேகமா மாறும்போது வாட்ச் பின்னாடியே ஓடி வருது, அது வந்து சேர்றதுக்குள்ள நீங்க வேகத்த நிறுத்திட்டீங்க. சில வாட்ச்ல முதல் ரெண்டு மலை காணாமலே போயிருக்கும்.

1 நிமிஷத்துக்கு கீழ, 20 வினாடி 30 வினாடி ஓட்டமெல்லாம் இதுக்கு எடுக்காதீங்க. அதுல இதயமே மெதுவாத்தான் ஏறும், ஸ்ட்ராப்லயும் உச்சி ஓட்டம் முடிஞ்ச பிறகுதான் வரும், கருவிய குத்தம் சொல்ல முடியாது.

10. ஜிம், சைக்கிள்

இதுக்கு தனியா சோதனை வேண்டாம், சுருக்கமா சொல்லிடுறேன். கைப்பிடிய இறுக்கிப் பிடிக்குற எதுலயும், டம்பெல், கெட்டில்பெல், புல் அப், குண்டும் குழியுமான ரோட்டுல சைக்கிள் ஹேண்டில், மணிக்கட்டு சென்சார் தடுமாறும். முன்கை தசை இறுகுது, மணிக்கட்டு மடங்குது, ரத்த ஓட்டம் மாறுது. பெரும்பாலும் கம்மியா காட்டும். அங்க ஸ்ட்ராப்தான். நெஞ்சுல கட்ட பிடிக்காதவங்க மேல்கைல கட்டுற ஆப்டிகல் பட்டைய பாக்கலாம், போலார் வெரிட்டி சென்ஸ் மாதிரி. அதுவும் வெளிச்சம்தான், ஆனா மேல்கைல சதை அதிகம், ஆட்டம் கம்மி, அதனால மணிக்கட்ட விட நல்லாவே பிடிக்கும்.

11. ரெண்டு பதிவையும் எப்படி ஒப்பிடணும்

சராசரிய மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. முதல் பாதில வாட்ச் 20 கூட காட்டி, ரெண்டாம் பாதில 20 கம்மியா காட்டியிருந்தா சராசரி அச்சு அசலா ஒத்துப்போகும், ஆனா ஒரு நிமிஷம் கூட சரியா இருந்திருக்காது. ரெண்டு ஃபைலையும் இறக்கி, ஃபிட் ஃபைல் (ஓட்டப் பதிவ சேமிக்குற ஒரு ஃபைல் வகை) கிடைச்சா அதுதான் நல்லது, கோட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு எங்க பிரியுதுன்னு பாருங்க. ரெண்டையும் சரியா ஒரே வினாடில ஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டீங்க, அதனால ஒரு தெளிவான உச்சிய வச்சு கோட்ட நகட்டி பொருத்துங்க, இல்லன்னா வெறும் நேர வித்தியாசத்த எல்லாம் தப்புன்னு எண்ணுவீங்க.

முதல் 10 நிமிஷம் மட்டும் ஸ்ட்ராப் எகிறி அப்புறம் அடங்குச்சுன்னா காஞ்ச எலெக்ட்ரோட், நிலைமின்சாரம். வாட்ச் திடீர்னு ஒரே நொடில 30 தாவி ஒரு மேட்டுல சமமா உக்காந்துச்சுன்னா கேடன்ஸ் லாக், நிஜ இதயம் அப்படி படிக்கட்டு மாதிரி ஏறாது. ஸ்ட்ராப் நம்பர் அசையாம ஒரே இடத்துல நிமிஷக்கணக்கா நின்னா சிக்னல் அறுந்து பழைய நம்பரையே ஆப் காட்டிட்டு இருக்கு. ஒரே ஒரு ஓட்டத்த வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, ரெண்டாவது சோதனைய இன்னொரு நாளும் பண்ணுங்க.

ஒரு விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. நனைச்சு, புது பேட்டரி போட்டு, எல்லாம் சரியா இருந்தும் ஸ்ட்ராப்ல நடுநடுவுல தாறுமாறா தாவுது, அதே நேரம் உங்களுக்கும் நெஞ்சுல ஏதோ தவறித் துடிக்குற மாதிரி இருக்குன்னா அது கருவி தப்பு இல்லாமலும் இருக்கலாம். எந்த நேரத்துல வந்துச்சுன்னு குறிச்சு, அந்த கிராஃபோட டாக்டர்ட்ட போங்க. ஸ்ட்ராப் மருத்துவ ஈசிஜி இல்ல, அத வச்சு நோய் இருக்குன்னோ இல்லன்னோ நீங்களா முடிவு பண்ணக் கூடாது.

12. கடைசியா ஜோன், மேக்ஸ் ஹார்ட் ரேட்

இத முதல்ல பண்றவங்கதான் அதிகம், அதனாலதான் கடைசில வச்சிருக்கேன். மேக்ஸ் ஹார்ட் ரேட்னா உங்க இதயம் அடிக்கக்கூடிய உச்ச வேகம், ஜோன்னா அத வச்சு துடிப்ப மெதுவுல இருந்து முழு வேகம் வரைக்கும் பிரிக்குற படிகள். பொய் டேட்டா மேல ஜோன் கட்டுனா எல்லா ட்ரெய்னிங்கும் கோணலாப் போகும்.

நிறைய வாட்ச்ல மேக்ஸ் ஹார்ட் ரேட்ட தானா கண்டுபிடிக்குற செட்டிங் இருக்கும். ஒரு நாள் நிலைமின்சாரத்துல 207னு ஒரு பொய் உச்சி வந்துச்சுன்னா அதையே உங்க மேக்ஸ்னு எழுதிக்கும், எல்லா ஜோனும் மேல ஏறிடும், அப்புறம் ஜோன் 2ன்னு நினைச்சு ஜோன் 3ல மூச்சு வாங்க ஓடிட்டு இருப்பீங்க. கேடன்ஸ் லாக் ஆன ஓட்டத்துல இன்னொரு கோளாறு: மெதுவா ஓடும்போதே துடிப்பு 172ன்னா வாட்ச் உங்கள ஃபிட்னஸ் இல்லாதவர்னு முடிவு பண்ணி விஓ2 மேக்ஸ (உடம்பு ஆக்ஸிஜன பயன்படுத்துற திறனோட அளவு) குறைச்சுடும், கலோரியும் ஏறும்.

அதனால தானா கண்டுபிடிக்குறத ஆஃப் பண்ணுங்க. 220ல வயச கழிக்குற கணக்கு வெறும் சராசரிதான், அதே வயசுல ஒருத்தருக்கு 10, 12 கூடவோ கம்மியாவோ இருக்குறது சாதாரணம். ஸ்ட்ராப் கட்டி, சரியா வார்ம் அப் பண்ணி, ஒரு மேட்டுல முழு மூச்சா சில தடவ ஏறி வந்த உச்சி, அதுவும் கிராஃப்ல படிப்படியா ஏறி வந்த உச்சியா இருந்தா, அத கையால எழுதுங்க. வயசு 40 தாண்டியவங்க, சுகர், பிரஷர் இருக்குறவங்க, பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்குறவங்க இந்த முழு மூச்சு சோதனைய டாக்டர கேக்காம பண்ணாதீங்க. பீட்டா பிளாக்கர் துடிப்பையே அடக்கி வைக்கும், 220 கணக்கு உங்களுக்கு பொருந்தவே பொருந்தாது.

இனி எந்த நாள்ல எத கட்டுறதுன்னு உங்க மூணு சோதனையே சொல்லிடும். ரெண்டாவது சோதனைல வாட்ச் ஒத்துப்போச்சுன்னா தினசரி ஈஸி ரன்னுக்கு வாட்ச் மட்டும் போதும், ஸ்ட்ராப்பை வேகம், ஓய்வுன்னு மாத்தி மாத்தி ஓடுற இன்டர்வல் நாளுக்கு வைங்க. ஸ்ட்ராப்பை மறுபடி வாட்ச்சோட கனெக்ட் பண்ண மறந்துடாதீங்க, மூணாவது பகுதில நீங்கதான் எடுத்து விட்டீங்க.